ஒரே ஃபீஸ் வக்கீல்

எனக்கு வாய் அதிகம். பஸ் கண்டக்டருக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. படியில் தொங்குகிறவனை உள்ளே ஏற்றவும், சில்லறைக்குச் சண்டை பிடிக்கிறவரை உட்கார வைக்கவும் என்னிடம் இருக்கிற ஒரே ஆயுதம் அது. அப்படிப்பட்ட நான் குடும்ப நீதிமன்றத்தில் போய் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் மகள் என்னிடம் வளர்வதா, அவள் அப்பாவிடம் வளர்வதா என்பதுதான் வழக்கு. ஒட்டிக்கொண்ட அந்த நாக்கைப் பிரித்துவிட்ட என் வக்கீலம்மாவைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன்.

என்னைவிட வயதில் சின்னவர். டயர் கடைக்கு மேலே, மாடியில் ஒரே அறைதான் ஆபீஸ். கீழே காற்றடிக்கிற மெஷினைப் போட்டால் பாதிப் பேச்சு காதில் விழாது. மாடிப்படி குறுகல் என்பதால் அவருடைய கறுப்புக் கோட்டின் ஒரு தோளில் எப்போதும் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். ஸ்கூட்டர் எந்தக் காலையிலும் தானாகக் கிளம்பியதில்லை. டயர் கடைக்காரர் வந்து உதைப்பார். உதைத்துக்கொண்டே இதை எடைக்குப் போடச் சொல்லிப் புலம்புவார். அடுத்த மாசம் பார்க்கலாம் என்று இவரும் சளைக்காமல் சொல்வார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிட மறந்து, கோர்ட்டுக்கு ஓடியவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கூட இருக்கும் வக்கீல்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒரே ஃபீஸ்'. மற்றவர்கள் வாய்தாவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வழக்கு தள்ளிப்போகிற ஒவ்வொரு தேதிக்கும் கட்டணம் உண்டு. இவர் முதல் நாளே மொத்த வழக்குக்கும் ஒரு தொகை சொல்லிவிடுவார், அதோடு சரி. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். பெரிய வக்கீல் ஒருவரிடம் ஜூனியராக இருந்தபோது, ஒரு வழக்கு தள்ளிப்போனதும் தனக்குள் சந்தோஷம் எட்டிப் பார்த்ததாம். வெளியே வந்தால், அந்த வழக்குக்கார அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாராம்.

"தேதிக்குத் தேதி காசு வாங்கினா, கேஸ் முடியக் கூடாதுன்னு மனசு ஓரத்துல ஒரு ஆசை வந்துரும்க்கா. எனக்கு அந்த ஆசை வேண்டாம்."

அவருடைய இன்னொரு பழக்கம்தான் மற்ற வக்கீல்களுக்கு அடியோடு பிடிக்காது. குடும்ப நீதிமன்றத்தில் கட்சிக்காரரே எழுந்து பேசலாம். சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு, ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. இவர் எல்லோருக்கும் சொல்வார். சொல்வதோடு விடாமல் பழக்கியும் விடுவார். நாலே வாக்கியத்தில் உங்கள் வழக்கைச் சொல்லுங்கள் என்பார். நான் மூச்சு விடாமல் கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பேன். கையை நீட்டி நிறுத்துவார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தால், எதிர்க்கட்சி வக்கீலாக மாறிவிட்டார் என்று அர்த்தம். நாளெல்லாம் ஊர் சுற்றுகிற பொம்பளை குழந்தையை எங்கே வளர்க்கப் போகிறாள் என்று குத்துவார். எனக்குச் சுர்ரென்று ஏறும். கோபம் வந்தால் தோற்றுவிட்டீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்பார். கீழே டயர் கடைக்காரருக்கே என் வழக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

கடைசி வாக்கியத்தில்தான் எங்களுக்குள் சண்டை. எதிரில் நிற்கிறவரைப் பற்றி உண்மையான நல்ல வார்த்தை ஒன்று சொல்லித்தான் முடிக்க வேண்டும். இது அவருடைய கட்டாயம். என் கணவரைப் பற்றியா, அதுவும் என் வாயாலா என்று எழுந்து வந்துவிட்டேன். மறுமுறை போனபோதும் மூன்று வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வழக்கோ நத்தையாய் ஊர்ந்தது. ஊருக்கே ஒரு நீதிபதிதான். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வாய்தா. டைப் அடிக்கிறவர் வரவில்லை என்றால் வாய்தா. எதிர்க்கட்சி வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை இருந்தாலும் வாய்தாதான். அதுவரை மகள் அவள் அப்பா வீட்டில். நான் அவளைப் பார்ப்பது சனிக்கிழமைகளில், நீதிமன்றத்துக் குழந்தைகள் அறையில். அங்கே ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரமும், எங்கள் நேரத்தை அளக்கச் சுவரில் ஒரு கடிகாரமும், காவலுக்கு எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு ஊழியரம்மாவும் உண்டு. போகப் போக மகள் என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள். வேற்று ஆளிடம் காட்டுகிற மரியாதை அது.

அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய வருஷம் அது. கோடை விடுமுறைக்கு முந்தின கடைசித் தேதி எனக்குக் கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால், நீதிமன்றம் திறக்கும்போது பள்ளிக்கூடமும் திறந்திருக்கும். அப்பா வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்துவிட்டால், படிக்கிற பிள்ளையை நடுவில் இடம் மாற்ற எந்த நீதிபதியும் சம்மதிக்க மாட்டார். வக்கீலம்மா இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கட்டண வரம்பு வந்தது. குடும்ப வழக்குகளுக்கு வக்கீல்கள் இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. வக்கீல் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு கையெழுத்துக்காகப் போன நான் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். கொத்தனாருக்கு வரம்பு உண்டா, டாக்டருக்கு உண்டா என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். வரம்பு வைத்தால் கெட்டிக்கார வக்கீல் எவனும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான், நஷ்டம் ஏழைகளுக்குத்தான் என்றார் இன்னொருவர். அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. நீதிபதியைப் போடாமல் எங்களைக் குறை சொல்கிறார்கள் என்று என் கணவரின் வக்கீல் சொன்னதற்கு, கை தட்டலாமா என்றுகூட இருந்தது.

அப்புறம் என் வக்கீலம்மா எழுந்தார். 'ஒரே ஃபீஸ்' என்று பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"வரம்பு சரியா தப்பான்னு நான் சண்டை போட வரலை. தேதிக்குக் காசுன்னு இருக்கறதை மட்டும் நாமளே விட்டுடுவோம். அப்புறம் போய் ரெண்டு நீதிபதி கேப்போம். அப்ப நம்ம வாய்க்கு ஒரு மதிப்பு இருக்கும்."

கைதூக்கச் சொன்னபோது அவரோடு சேர்ந்து தூக்கியவர்கள் சொற்பம். உத்தரவை எதிர்த்து வக்கீல்கள் யாரும் கோர்ட்டுக்குள் போவதில்லை என்று தீர்மானம் ஆனது. புறக்கணிப்பு என் தேதியையும் சேர்த்து விழுங்கியது.

அன்று காலை நீதிமன்ற வாசலில் நாற்காலி போட்டு வக்கீல்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் என் வக்கீலம்மா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நீங்களுமா என்று கேட்டுவிட்டேன்.

"ஓட்டுல தோத்துட்டேன்க்கா. தோத்தவங்களும் கூட உட்காரணும். ஆனா வக்கீல் உள்ள போகக் கூடாதுன்னுதான் தீர்மானம். கட்சிக்காரர் போகக் கூடாதுன்னு இல்லை." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "நாலாவதையும் சொல்லுங்க."

உள்ளே பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. பேர் கூப்பிட, வக்கீல் இல்லை என்று தள்ளிவைக்க, அடுத்த பேர் கூப்பிட என்று மளமளவென்று போனது. என் பேரும் வந்தது. நீதிபதி நிமிராமலே பேனாவை எடுத்தார். நானே பேசுகிறேன் ஐயா என்றேன். பஸ்ஸில் பேசுகிற குரல் வந்துவிட்டது போலும், அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எதிர்ப்பக்கம் என் கணவர், பக்கத்தில் வக்கீல் இல்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

சொன்னேன். மகள் என்னோடு வளர வேண்டும். என் அக்கா அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள், நானும் பகல் ஷிஃப்ட் வாங்கிவிட்டேன். நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருக்கிறது. மூன்று வாக்கியம் முடிந்தது. நீதிபதி காத்திருந்தார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஆள் இளைத்திருந்தார்.

"அவளுக்குக் காய்ச்சல்னா இவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாருங்கய்யா. நான் தூங்கிடுவேன். இவர் தூங்க மாட்டாரு. அந்த அப்பா அவளுக்கு வேணும்."

உங்கள் ஆட்சேபணை என்ன என்று நீதிபதி என் கணவரிடம் கேட்டார். அவர் பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்தார். வக்கீல் வரவில்லை. சட்டைப் பையைத் தடவினார், கீழே பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்கய்யா. அவகிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுத்தா போதும்."

அன்றே உத்தரவு எழுதினார்கள். வெளியே வந்தபோது என் கணவரின் வக்கீல் நாற்காலியிலிருந்து எழுந்து, வாய்தா எந்தத் தேதிக்கு என்று கேட்டார். முடிஞ்சுபோச்சு சார் என்று சொல்லிவிட்டு என் கணவர் நடந்துவிட்டார். அந்த மனுஷர் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை, வழக்கு முடிந்து பழக்கம் இல்லாதவர். நான் என் வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்லத் தெரியாமல் அழுதேன். புறக்கணிப்பு நேரத்தில் ஆபீஸ் விஷயம் பேசக் கூடாது என்று அதட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வரம்பு பற்றிய விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அவர் இன்னும் கை தூக்குகிறார், இன்னும் தோற்கிறார். ஒருதரம் நிற்கவைத்துப் பேசப் பழக்கிய ஆள் மறுபடி வக்கீலைத் தேடி வருவதில்லை என்பதால் வரும்படியும் பெருகவில்லை. என் வாழ்நாளில் யாருக்காவது கடமைப்பட்டிருக்கிறேன் என்றால் அந்த மாடியறைக்காரருக்குத்தான்.

உத்தரவு வந்த வாரத்துச் சனிக்கிழமை மகளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். சாப்பிட்டாள், என் மடியில் கொஞ்ச நேரம் படுத்தாள். திடீரென்று எழுந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டி, வாசலருகே போய் நின்றாள்.

"டைம் ஆயிடுச்சாம்மா? போகணுமா?"

"இல்லடா கண்ணு. இது நம்ம வீடு" என்றேன்.

அவள் நம்பாமல் சுவரில் கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.