ரங்கூனுக்கு அரை நாள்

நான்கு வருஷத்துக்கு முன், வைகாசி கருட சேவை முடிந்த மறுநாள், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவருக்கு அப்போது ரங்கூனில் ஒரு மர மண்டியில் குமாஸ்தா வேலை. இங்கே நானும் மாமியாரும் ஆறு மாதக் கைக்குழந்தையும்தான். கூட்டத்தில் நின்று சுவாமி பார்த்துவிட்டு வந்து படுத்த அத்தை எழுந்திருக்கவில்லை. மார்வலி, மூச்சுத் திணறல். வைத்தியர் என்னைத் தனியாக அழைத்து, மகனை வரவழைத்துவிடுவது நல்லது என்றார்.

தந்தி கொடுக்கப் போகிறேன் என்றதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தந்தி கிந்தி வேணாம்மா. நம்ம ஊட்டுக்கு இதுவரிக்கும் சாவுக்குத்தான் தந்தி வந்துகீது. பிரிக்கறதுக்குள்ள புள்ள உசுரு போயிடும். நீதான் படிச்சவளாச்சே, பதமா நாலு வரி எழுது."

பதமாகத்தான் எழுதினேன். அம்மாவுக்கு உடம்பு சுமார், பயப்பட ஒன்றுமில்லை, உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார், புறப்பட்டு வரவும்.

தபாலாபீஸ்காரர், சென்னையிலிருந்து மறுநாளே கப்பல் போகிறது, அதில் அனுப்பலாம் என்றார். கப்பலுக்கு நாலைந்து நாள் ஆகும். கல்கத்தாவில் காலையில் கிளம்பும் ஆகாய விமானம் அறுநூற்றுச் சொச்சம் மைலைக் கடந்து பொழுது சாய்வதற்குள் ரங்கூனில் இறங்கிவிடுகிறது என்று பத்திரிகையில் படித்திருந்தேன். ரயிலில் இரண்டு நாள், கடலுக்கு அரை நாள். கூடுதல் ஸ்டாம்பு ஒட்டி விமானத் தபாலில் போட்டேன். திரும்பி வரும்போது மனதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாலாம் நாள் அத்தை கேட்டபோது, கடிதம் கிடைத்திருக்கும் என்றேன். ஆறாம் நாள், கப்பல் ஏறியிருப்பார் என்றேன். பதில் வராதது, அவரே கிளம்பிவிட்டதால்தான் என்று எண்ணினேன். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம், தந்தியும் கொடுத்துவிடலாமா என்று தோன்றும். நடுக்கடலில் இருப்பவருக்குத் தந்தி எதற்கு என்று விட்டுவிடுவேன்.

"ஏம்மா இன்னும் காணம்? கடல்ல காத்து ஜாஸ்தியா?" என்று எட்டாம் நாள் கேட்டார். ஆமாம் அத்தை என்றேன்.

பத்தாம் நாள் காலையில் போய்விட்டார். பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். தந்தியை நானே எழுதிக் கொடுத்தேன்.

கருமாதிக்கு முன்தினம் கணவர் வந்து சேர்ந்தார். அவர் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரிந்தது. கல்கத்தாவிலிருந்து விமானம் வாரத்துக்கு ஒன்றுதான். என் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்த அன்று காலையில்தான் அது கிளம்பிப் போயிருந்தது. மைலைக் கணக்குப் பார்த்த நான் கிழமையைக் கேட்கவில்லை. தந்தி கிடைத்த மறுநாள்தான் கடிதம் அவர் கைக்குப் போயிருக்கிறது.

என்னை அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பயப்பட ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்தியா, தந்திதான் தப்பு, அம்மா இருக்குதுன்னு நெனச்சிக்கினு தெருமுனை வரிக்கும் ஓடினேன். அங்க நின்னுதான் கடுதாசியில தேதியப் பாத்தேன்."

அந்தத் தெருமுனை வரை அவரை ஓட வைத்தது என் கையெழுத்துதான் என்பதை நினைக்காமல், இன்றுவரை நான் ஒரு கடிதத்தையும் ஒட்டியதில்லை.