டைகரின் ஒருசந்தி

திருவெறும்பூரில் மகன் வளர்க்கும் புல் டெரியர் நாய் காலையிலிருந்து சங்கிலியை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

என் சிறுவயதில் பொன்மலையில் அப்பாவும் இதே மாதிரி நாய்தான் வைத்திருந்தார். பெயர் டைகர். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் வீட்டில் நாற்பது நாளும் கறி கிடையாது.

"நாய்க்குமாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"வேதக்கார வீட்டு நாய்தானே, அதுவும் ஒருசந்தி நோன்பு இருக்கட்டும்" என்று அப்பா சிரித்தார்.

டைகர் மோர்சோற்றை மோந்துவிட்டு நகர்ந்துவிடும். சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் புண். பசி என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம் சொல்லக் கூச்சம். தவக்காலம் முடியப்போகும் பெரிய வியாழனன்று சங்கிலி அறுந்தது. டைகர் கடித்துப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி செத்துப்போனது. "கெட்ட ரத்தம்" என்று சொல்லி, அப்பா டைகரை லாரியில் ஏற்றி எங்கோ அனுப்பிவிட்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று மருமகள் நாய்க்குத் தட்டில் மோர்சோறு பிசைந்து எடுத்துவந்தாள். "தவக்காலம்ல அத்தை, அதுக்கும் இதான்."

"வேணாம்மா. அதுக்குப் பசிக்குது. முட்டையாவது அவிச்சுப் போடணும்."

"அத்தை, நீங்களா பேசுறீங்க?"

நானே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். முட்டை வேகும்வரை வாசலில் சங்கிலி இழுபட்டுக்கொண்டே இருந்தது. நானும் உட்காரவில்லை.