அண்ணை இறுக்கிய ஸ்கீ

ஈரப் பிளாஸ்டிக்கின் மணம்.
அதற்குள் கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் வேர்வை...

தொண்ணூறுகளின் பிற்பாதி. கிழக்கு லண்டனில் ஒரு செயற்கை மேடு. பனிச்சறுக்குப் பழகும் இடம், ஆனால் பனி கிடையாது. சரிவு முழுக்கப் பல் துலக்கும் பிரஷ்களை மல்லாத்தி அடுக்கியது போல வெள்ளைப் பிளாஸ்டிக் முட்கள். குழாய்கள் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கும். எங்கள் பல்கலைக்கழக ஸ்கீ கழகம் சனிக்கிழமைகளில் அங்கேதான் பழகியது. வசந்தத்தில் பிரான்சின் மலைகளுக்குப் போவதாக ஏற்பாடு.

நான் ஏன் சேர்ந்தேன் என்று இன்றும் சரியாகத் தெரியவில்லை. ஒரு பயத்தையாவது நானே தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கலாம்.

ஈஸ்ட் ஹாமில் அண்ணை வீட்டில் இருந்தேன். அண்ணிக்கு முழு விஷயமும் சிரிப்பு.

"நடக்கிற காலிலை பலகையைக் கட்டிக்கொண்டு விழுறதுக்கே யூனிவர்சிட்டி? விசர்க் கூட்டம்."

அண்ணை சிரிக்கவில்லை. ஊரில் ஒரு ஷெல்லடி நாளில் சைக்கிளோடு விழுந்து முறிந்த அவருடைய இடது கால் நேராகப் பொருந்தியதே இல்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு, பழைய சாமான் விற்கும் கார் பூட் சேலிலிருந்து ஒரு சோடி ஸ்கீயைத் தோளில் சுமந்து வந்தார். பச்சை. நேரானவை, ஒடுக்கமானவை, என்னைவிட ஒரு முழம் உயரம்.

"பாரத்தைப் பார், பிள்ளை. இது அசையாது."

அந்தக் குளிர்காலத்தில்தான் கழகத்துக்குப் புதுவகை ஸ்கீ வந்தது. குட்டை. இரு முனையும் அகன்று, இடை ஒடுங்கியது. காலைச் சற்றுச் சாய்த்தால் போதும், தானே வளையும் என்றார்கள்.

தானே வளையும்...

அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பழையது, முழு உடம்பையும் எறிந்தால்தான் திரும்பும். ஆனால் என்னைக் கேட்காமல் எங்கும் போகாது. நான் தீர்மானிக்கும் முன் திரும்பிவிடும் ஒன்றின்மேல் எப்படி நிற்பது?

மாற்றுவதா, விடுவதா. இரண்டு வாரம் ரயிலில் இதையே யோசித்தேன். அண்ணையின் முகத்தையும்.

கழகத்தின் சாமான்களைப் பார்த்துக்கொண்டவள் ஃபியோனா, மூன்றாம் ஆண்டு மாணவி. பயணத்துக்கு முன் எல்லாருடைய பைண்டிங்கையும் சோதித்தாள். சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் பிடி அது. விழும்போது திறந்து காலை விட்டுவிட வேண்டும். என்னைப் பூட்டி நிற்கச் சொல்லிவிட்டு, சப்பாத்தின் நுனியைப் பக்கவாட்டில் உதைத்தாள். திறக்கவில்லை. இன்னும் பலமாக உதைத்தாள். என் முழங்கால்தான் திரும்பியது.

குனிந்து ஸ்குரூவைப் பார்த்தாள்.

"யார் இதைக் கடைசி வரைக்கும் இறுக்கியது? உன் கால் முறிந்தாலும் இது திறக்காது."

யாரென்று எனக்குத் தெரியும்.

தளர்த்திப் பார்த்தாள். ஒரு காலின் பிடி திறந்தது, மற்றது இல்லை. உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது. இரண்டு மாதம் அதில்தான் சறுக்கியிருக்கிறேன். விழுந்தபோதெல்லாம் பக்கமாக உட்கார்ந்துவிட்டதால் தப்பியிருக்கிறேன்.

அன்று பின்னேரம் கேட்டேன்.

"அண்ணை, அந்த ஸ்குரூவை நீங்களே இறுக்கினது?"

"ஓம். லூசாய்க் கிடந்தது. ரெண்டையும் நல்லா முறுக்கி விட்டனான்." குரலில் பெருமை. "ஓடேக்கை கழண்டா நீ விழுந்திடுவாய் எல்லோ."

"விழுந்தா அது கழரோணும், அண்ணை. கழராட்டித்தான் கால் முறியும்."

ஊரில் அண்ணை சைக்கிள் கரியரில் பழைய ட்யூப் ரப்பரால் எதையும் கட்டுவார். அரிசி மூட்டை, கதவு, ஒருமுறை ஓர் ஆடு. எதுவும் விழுந்ததில்லை. லண்டனிலும் சூட்கேஸைக் கயிற்றால் வரிந்துகட்டாமல் எவரையும் விமான நிலையத்துக்கு விடமாட்டார். இறுக்கினால் பத்திரம். அவர் அறிந்தது அது.

தன் இடது முழங்காலை உள்ளங்கையால் மூடினார்.

"மாத்து," என்றார். பிறகு, "நானும் வாறன். எனக்குப் பார்க்கோணும்."

அடுத்த சனி. கழகத்தின் புதுவகை ஸ்கீ என் காலில். உச்சியில் நின்றேன். முன்னால் பலகையே இல்லாதது போலிருந்தது. கீழே வேலியைப் பிடித்தபடி அண்ணை, மிகச் சின்னதாக.

சாய்ந்தேன். திரும்பியது. நான் இல்லாமலே.
இரண்டாவது வளைவு.
மூன்றாவதில் பயந்து நிமிர்ந்தேன். பலகையின் விளிம்பு எதிலோ பிடித்தது...
டக். டக்.

"ஐயோ, கழண்டிட்டுது!"

அண்ணை வேலியைத் தாண்டி, ஈரப் பிளாஸ்டிக்கில் வழுக்கி வழுக்கி, அந்தக் காலோடு மேலேறி ஓடிவந்தார்.

மல்லாந்து கிடந்தேன். கைப் பெருவிரலில் தோல் உரிந்திருந்தது. முழங்கால்களை ஒவ்வொன்றாக மடித்தேன். மடங்கின.

"எழும்பாதை! எழும்பாதை! கால்?"

"ரெண்டும் கிடக்கு, அண்ணை."

என்னைப் பார்த்தார். தூரத்தில் கிடந்த பலகைகளைப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"அப்ப... கழண்டதாலைதான்?"

"ஓம்."

"கண்டறியாத சாமான்," என்றார்.

பச்சைப் பலகைகள் அந்தக் கோடையில் பின்வளவில் நின்றன. அண்ணி அவற்றில் பயற்றங்கொடி ஏற்றிவிட்டார்.

இப்போது நேரான ஸ்கீயை எங்கும் காண முடிவதில்லை. அந்த மேடும் மூடிக் கனகாலம். போன குளிர்காலம் மகளோடு மலைக்குப் போனேன். கடையில் அவளுடைய எடையும் உயரமும் கேட்டார்கள், எவ்வளவு இறுக்குவது என்று ஒரு இயந்திரம் எண்ணைச் சொன்னது, முடிந்தது. அவள் பைண்டிங்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதைத்துக்கொண்டே இறங்கினாள். எனக்கும் பயம் வரவில்லை. அது எந்த வருடம் என்னை விட்டுப் போனது என்று யோசித்தேன். தெரியவில்லை. அந்தப் பயத்தோடு நின்ற கால்கள்தான் இன்னும் துல்லியமாக நினைவிருக்கின்றன.

அண்ணைக்கு ஃபோனில் படம் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"விழுந்தனீங்களோ?"

"இல்லை அண்ணை. ஒருத்தரும் விழேல்லை."

கொஞ்ச நேரம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒருக்கா விழுந்து பாருங்கோ. கழருதோ எண்டு."