ஓட்டில்லாத மாரிமுத்து

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய எம்.பி. இறந்துபோன செய்தியைக் கடைக்காரர் போனில் பார்த்துச் சொன்னார். மூன்று தடவை வெற்றி, நாலாவது தடவை தோல்வி. அவ்வளவுதான் போட்டிருந்ததாம்.

எனக்கோ மூக்கில் மைதா பசை வாடை அடித்தது. எங்கள் ஊர் காப்பாரில் அவருடைய சுவரொட்டிகளுக்கெல்லாம் பசை காய்ச்சியது என் கூட்டாளி மாரிமுத்து. லோரியில் மூட்டை ஏற்றுகிறவன். பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் கலப்பான், விஷம். ஒரு நாள் பசியில் அதைக் கஞ்சி என்று நினைத்து விரலை விட்டேன், தட்டிவிட்டான். இல்லையென்றால் இதை உங்களுக்குச் சொல்ல நான் ஏது?

எம்.பி.யை ஒய்.பி. என்றுதான் கூப்பிடுவோம், மலாயில் மாண்புமிகு. பழைய மனிதர். எதையும் அவசரப்பட்டு மாற்றக் கூடாது என்பதுதான் எல்லா மேடையிலும் அவர் பேச்சு. கல்யாணத்தில் ரேடியோ வைத்தால்கூட முகம் சுளிப்பார்.

மாரிமுத்துவிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடிமகன் அல்லாதவனுக்குத் தரும் அடையாள அட்டை. காப்பார் எஸ்டேட் தோட்டத்தில்தான் பிறந்தான், பிறந்ததற்குப் பத்திரம் இல்லை. அதனால் குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. குடிமக்களுக்கான நீல ஐசி வாங்கித் தருகிறேன் என்று முதல் தேர்தலில் ஒய்.பி. சொன்னார். அடுத்த இரண்டிலும் பைல் மேலே போயிருக்கிறது என்றார்.

ஓட்டு நாளில் மாரிமுத்து தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, தோட்டத்துக் கிழடுகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்து பள்ளிக்கூட வாசலில் இறக்குவான். கேட்டைத் தாண்ட மாட்டான். “நீ போய்ட்டு வா லா, நான் வண்டியப் பாத்துக்கிறேன்” என்பான்.

நாலாவது தேர்தலில் ஊரே எதிர்க்கட்சிப் பக்கம் மாறிவிட்டது. இவன் மட்டும் பசை வாளியோடு அலைந்தான். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன்.

“அவரு தோத்துட்டா என் பைல யாரு லா பாப்பாங்க?”

தோற்றார். அவருடைய சேவை மையத்தைப் பூட்டிவிட்டார்கள். சுவரொட்டிகளைச் சுரண்டி எடுக்கவும் மாரிமுத்துதான் போனான். அவன் காய்ச்சிய பசை, லேசில் விடவில்லை.

புது எம்.பி. நல்ல மாதிரிதான். பழைய பைலைக் காணவில்லை, புதிதாக மனுப் போட வேண்டும் என்றார். போட்டான். பதில் வருமுன் கிள்ளான் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினான்.

சாவைப் பதிய அவன் மகளோடு நானும் போனேன். பதிவு இலாகா முகப்பில் இருந்த பெண் சிவப்பு ஐசியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அதுதான் சட்டமாம். படியில் இறங்கும்போது மகள் சொன்னாள்:

“மாத்திக் குடுக்கத்தான் மாமா நாளாகுது. வாங்கிக்க ஒரு நிமிஷம் போதும்.”

தோட்டத்து லைன் வீடுகளை இடித்துக் கிடங்கு கட்டிவிட்டார்கள். மாரிமுத்து அங்கேதான் பிறந்தான் என்று சொல்ல இப்போது நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.