இரட்டித்தும் கூடாத பெருக்கல்

கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஜூனுக்குள் பிஎச்.டி. முடிக்காவிட்டால் வாத்தியார் வேலை கிடையாது. எருமப்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே நாமக்கல் போய், நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கணக்கு நடத்தி, வந்து சோறும் ஆக்கி, நான் எப்பத்தான் முடிக்கிறது, சொல்லுங்க.

ஆராய்ச்சி என்னவோ கேட்க எளிதுதான். ஒரு எண்ணின் பெரிய அடுக்கை எத்தனை குறைந்த பெருக்கலில் கண்டுபிடிக்கலாம்? பதினாறாம் அடுக்குக்கு நாலே பெருக்கல்: இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று வந்ததை வந்ததோடு பெருக்கிக்கொண்டே போனால் போதும். பதினைந்தோ அதைவிடச் சின்னது, ஆனால் ஐந்து பெருக்கல் கேட்கும். இந்தக் கிறுக்குக்கு விதி தேடித்தான் என் தலைமுடி பாதி கொட்டியது.

கடைசியில் ஒன்றை மட்டும் நம்பினேன். அடுக்கை இரட்டித்தால் சரியாக ஒரு பெருக்கல் கூடும். கூடாமல் எங்கே போகும்? நூற்றைம்பது வரை போட்டுப் பார்த்தேன், அச்சுப் பிசகவில்லை. அதன்மேல்தான் ஆய்வேட்டையே கட்டினேன்.

அட்டவணை நீளமாக இருந்தால் பார்வையாக இருக்குமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் நானூறு வரை ஓடவிட்டேன். நூற்றுத் தொண்ணூற்றொன்றுக்குப் பதினொரு பெருக்கல். அதன் இரட்டை முந்நூற்று எண்பத்திரண்டு. அதற்கும் பதினொன்றே! அடப் பாவி என்று கத்திவிட்டேன். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தும் மாறவில்லை.

என் வீட்டுக்காரர் கோழிப்பண்ணையிலிருந்து சாப்பிட வந்தார். "என்னாச்சு சாமி?" என்றார். சொன்னேன். "ரெட்டைத் தூரம், அதே டிக்கெட்டா? நல்ல பஸ்தான் போ," என்று சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நெறியாளருக்குப் போன் போட்டேன். "அட விடுங்கம்மா, அட்டவணையை நூத்தம்பதோட நிறுத்திருங்க. அதுக்கு மேல எவன் போட்டுப் பாக்கப் போறான்?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. என் வேலை போய்விடக் கூடாதே என்ற கரிசனம்தான்.

நிறுத்தியிருக்கலாம். அவ்வளவு அலுப்பு, அவ்வளவு ஆசையும்கூட. ஆனால் தெரிந்த பிறகு எப்படி? மூன்றாம் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை அழித்தேன். அழுகையாக வந்தது.

"என்ன புள்ள, முடிஞ்சுதா?" என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"முடிஞ்சுதுங்க. ஜூன்ல இருந்து பண்ணைக்கு முட்டை பொறுக்க நானும் வாரேன்."

பிசைந்த கை அப்படியே நின்றது.