வீணாகும் குளிர்காற்று

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் சித்தப்பாவின் கை சாவிக்குப் போய்விடும். வண்டியை அணைத்துவிடுவார். அவர் வீட்டில் வளர்ந்த நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்த பழக்கம் இது. குறுக்குச் சாலையில் வண்டிகள் மட்டுப்படுவதைப் பார்த்து, பச்சை விழுவதற்கு ஒரு நொடி முன்பே மறுபடி சாவியைத் திருப்புவார். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்க ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. டாக்சி ஸ்டாண்டில் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர். "அவன் தும்மணும்னாக்கூட இறக்கம் வர்ற வரைக்கும் அடக்கிக்குவான்" என்பார்கள். சித்தப்பாவும் சேர்ந்துதான் சிரிப்பார்.

ஓட்டியது முதலாளி வண்டி, பெட்ரோல் மட்டும் அவர் பொறுப்பு. பெட்ரோலில் மிச்சம் பிடித்ததுதான் வீட்டுக்கு வரும். அதனால் ஆள் ஏறாமல் வண்டி நகர்வது அவருக்கு வயிற்றெரிச்சல். சித்தி ஹோட்டல் விரிப்புகளைத் தேய்க்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நீராவியில் நிற்பவள். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: கார் முன்சீட்டில் உட்கார்ந்து கடலுக்குப் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கடல் அரைநாள் தூரம். சொந்த வண்டி வரட்டும், கூட்டிப்போகிறேன் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடி அலைந்த வருடம் அந்த வண்டி வந்தது. யாரோ ஓட்டிக் களைத்த, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் பழைய ஹைபிரிட் கார். புதியதன் விலையைக் கேட்கவே நாங்கள் துணிந்ததில்லை. இது இருவருடைய சேமிப்புக்குள் எப்படியோ அடங்கியது. வாங்கிய அன்று நான் பக்கத்தில் இருந்தேன். முதல் சிக்னலில் எஞ்சின் தானாகவே அடங்கியது. பழக்கத்தில் கிளம்பிய சித்தப்பாவின் கை பாதியில் நின்றது.

"தானா அணையுதுடா," என்றார் மெல்ல. "இத்தனை வருஷமா நான் பண்ணதத்தான் இது பண்ணுது."

பிரேக்கை மிதித்தால் பேட்டரி ஏறுகிறது, நெரிசலில் ஊர்ந்தால் பெட்ரோலே இல்லாமல் ஓடுகிறது. மற்றவர்கள் சபிக்கும் கடைத்தெரு அவருக்குத் திருவிழாவானது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று திரை காட்டும் எண்ணைத்தான் வீட்டுக்கு வந்ததும் முதலில் சொல்வார். கேலி பேசியவர்களே ஸ்டாண்டில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சித்தி கடலை நினைவூட்டினாள்.

"ஹைவேல இவ்வளவு மிச்சம் பிடிக்காது. எண்ணு விழுந்துடும். இந்த வெயில் போகட்டும், கண்டிப்பா போறோம்."

"எண்ணு விழுந்தா மறுபடி ஏத்திக்கலாம். நான் விழுந்துட்டா?"

அன்று மூவரும் சிரித்தோம்.

அந்த வெயிலில்தான் சித்தப்பா ஒன்றைக் கண்டுபிடித்தார். பின்சீட்டின் ஓரத்தில் கையகல வலை ஒன்று இருந்தது. அதன்மேல் காகிதத் துண்டை வைத்தால் ஒட்டிக்கொண்டது. ஏசியின் குளிர்காற்றை அது உறிஞ்சி எங்கேயோ அனுப்புகிறது. பெட்ரோல் போட்டு உண்டாக்கிய காற்று. அவரால் பொறுக்க முடியவில்லை. சித்தி ஒரு பழைய தலையணையை வெட்டி, சீட்டின் நிறத்திலேயே உறை தைத்துக் கொடுத்தாள். தையல் அவ்வளவு நேர்த்தி, ஏறுகிறவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அதை வலையில் அழுத்திச் செருகிய மறுநாளே எண் கொஞ்சம் ஏறியதாகச் சொன்னார். உண்மையிலேயே ஏறியதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

வெயில் முடியுமுன்பே திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்து, வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு போனோம். மெக்கானிக் பின்சீட்டைக் கழற்றும்போது அந்தப் பஞ்சுப்பொதி கையில் வந்தது.

"இத யாரு வச்சது?"

"நான்தான். ஏசிக் காத்து வீணாப் போகுதேன்னு..."

மெக்கானிக் அதைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "பேட்டரி மூச்சு விடுற வழிண்ணே அது. உள்ள வெந்து போச்சு."

புது பேட்டரி, வண்டி வாங்கிய விலைக்குக் கிட்டத்தட்ட வந்தது. சித்தப்பா பொதியை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "உன் சித்திகிட்ட இதச் சொல்லிடாத. அவ கையால தைச்சது."

வீட்டில், பழைய வண்டி, பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று முடித்துக்கொண்டார். சந்தில் நின்ற காரைப் பழைய இரும்புக்காரர் ஒருநாள் இழுத்துப் போனார். சித்தி வாசலுக்கு வரவில்லை. சித்தப்பா மறுபடி வேறொருவர் வண்டிக்குப் போனார். மறுபடி சிக்னலில் சாவி. ஸ்டார்ட்டர் தேய்கிறது என்று முதலாளி திட்டியும் விடவில்லை. மிச்சம் பிடித்து எதைச் சேர்க்கிறார் என்று கேட்க நினைத்து விட்டுவிடுவேன். எனக்கு அப்போதும் வேலை இல்லை. அவரிடம் அந்தக் கேள்வி கேட்க நான் யார்?

அவர் உயிர் பிரிந்ததும் ஒரு சிக்னலில்தான். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் வெகுநேரம் ஹாரன் அடித்திருக்கிறார்கள். கதவைத் திறந்தபோது எஞ்சின் அணைந்திருந்ததாம், கை சாவியில் இருந்ததாம். நெஞ்சுவலி என்றார்கள்.

சிறிது காலம் கழித்து எனக்கு ஒரு சின்ன வேலை கிடைத்தது. முதல் விடுமுறையில் சித்தியைக் கடலுக்குக் கூப்பிட்டேன். பஸ்ஸில் போகலாம், ஜன்னலோரம் இடம் பிடித்துத் தருகிறேன் என்றேன். அவள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள், எல்லாம் சித்தப்பாவுடையவை. யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

"பஸ்ல போறதுன்னா நான் எப்பவோ போயிருப்பேனேப்பா," என்றாள். "அவருதான கூட்டிட்டுப் போறேன்னாரு."