கொட்டாவி கை தூக்கினார்

ஞாயிறு பிற்பகலில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் தையற்கடை கச்சேரி அறையாகிவிடும். துணி வெட்டும் மேசைமேல் லேப்டாப், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். சுவர் முழுக்க துணிச் சுருள்கள். எதிரொலி என்ற பேச்சே இல்லை.

"என் துணியெல்லாம் உன் பாட்டைக் குடிச்சுக் குடிச்சு கனமாயிடுச்சு" என்பாள் தையற்காரி.

பாட்டு போடுகிறவளை எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது வேலை. பல வருடங்களாக ஒரே வசனம்: மூச்சை இழுங்க, பிடிங்க, விடலாம். வேலை முடிந்து வந்து சமையலறையை ஒட்டிய அறையில் கீபோர்டு முன்னால் உட்காருவாள். போன வருடம் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தாள். ஒரு வருடம் இசையமைப்பதுதான் பிழைப்பு. சரிப்படவில்லை என்றால் பழைய வசனத்துக்கே திரும்ப வேண்டியது. அந்த வருடம் இன்றோடு முடிகிறது. நாளை காலை வேலையில் சேர வேண்டும். இல்லையென்றால், வரமாட்டேன் என்று இன்றைக்கே ஸ்கேன் சென்டர் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வருடம் ஓடிவிட்டது. முட்டிவலிக்காரர்களின் உடற்பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட் இசை கேட்டார். முதலில் போட்டுக் கொடுத்தது கொஞ்சம் துள்ளலாகப் போய், "எக்ஸ்ரே, நடக்கவே முடியாதவங்க டான்ஸ் ஆடறாங்க, நாளைக்கு என்னைத்தான் உதைப்பாங்க" என்று திரும்பி வந்தார். டிரைவிங் ஸ்கூலுக்கு ஒன்று, நீச்சல் வகுப்புக்கு ஒன்று. இவையெல்லாம் கைச்செலவுக்கு. வருமானத்தின் முதுகெலும்பு சந்தாதாரர்கள்தான். மாதாமாதம் அவர்கள் போனுக்குப் புதிதாக ஒரு துண்டு இசை போகும். தெருவில் தொடங்கியது, தெருக்காரர்களின் சொந்தக்காரர்களுக்குப் பரவி, முகம் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொண்டது. சந்தா வசூல் நாத்தனார் பொறுப்பு. அவள் வருவது தெரிந்தால் மருந்துக்கடைக்காரர் கல்லாவை மூடிவிட்டு, "கடன் கொடுத்தவன்கூட இப்படித் துரத்தலம்மா" என்பார். பிறகு திறப்பார்.

சந்தாதாரர்களுக்கு ஒரு உரிமை உண்டு. முடிக்காத இசையை இங்கே வந்து கேட்கலாம். பாராட்டக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கும்போது மனசு எங்கேயாவது போய்விட்டால், அடுப்பில் வைத்த பாலுக்கோ பிள்ளையின் பரீட்சைக்கோ, உடனே கை தூக்க வேண்டும். லேப்டாப்பில் அந்த இடத்தில் அவள் ஒரு கோடு இழுப்பாள். இரவெல்லாம் யோசித்தும் அகப்படாத பழுது அந்தக் கோட்டில் அகப்படும்.

முதலில் தூக்குகிறவர் பூட்டு ரிப்பேர்காரர். பட்டப்பெயர் கொட்டாவி. வாய் பிளக்கும், பின்னாலேயே கை எழும்.

இன்று எக்ஸ்ரே வரும்போதே நாத்தனார் வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எல்லாரும் அடுத்த வருஷமும் இருக்கோம்னுட்டாங்க. எல்லாரும்! மருந்துக்கடை தானா கூப்பிட்டு சொல்றாரு. நம்புவீங்களா?"

நம்ப ஆசையாக இருந்தது. ஒயரைச் செருகினாள். புதிய துண்டு இதுவரை செய்ததிலேயே பெரியது. ஆனால் நடுவில் ஏதோ ஒன்று செத்துக் கிடந்தது. ஏன் என்று பிடிபடவில்லை. இவர்கள் காட்டுவார்கள்.

போட்டாள். ஆரம்பம் போயிற்று. நடுப்பகுதி வந்தது. கை எதுவும் எழவில்லை. முடிந்தது.

"பிரமாதம்!" என்றார் மருந்துக்கடைக்காரர். அது விதிப்படி குற்றம். யாரும் அவரைத் திட்டவில்லை.

அவள் வரிசையாக முகங்களைப் பார்த்தாள். தையற்காரி இஞ்சி டேப்பை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். கொட்டாவி இரண்டு கைகளையும் அக்குளில் செருகி, பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் முட்டி நின்றது. உருகியவரின் கண் அல்ல அது. மூச்சைப் பிடித்து நிற்கிறவர்களைப் பார்த்தே வயதானவள் அவள்.

"சரி" என்றாள் பழைய குரலில். "விடலாம்."

கொட்டாவியின் வாய் குகை மாதிரி திறந்தது. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"யார் செஞ்ச வேலை இது?"

நாத்தனார் ஷட்டரைப் பார்த்தாள். "நான்தான் அண்ணி. இன்னைக்குக் கை தூக்கினா மனசு விட்டுடுவீங்க, நாளைக்கு வேலைக்குப் போயிடுவீங்கன்னு... எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன்."

"அப்போ சந்தாவும் இப்படித்தானா? பாவம், புள்ள கஷ்டப்படுதேன்னா? அப்படின்னா நான் நாளைக்கே போறேன். எலும்பாவது பொய் சொல்லாது."

கொட்டாவிதான் எழுந்தார்.

"என்னைப் பேச வைக்காதே. நான் பாவம் பார்த்து ஒருத்தருக்கும் ஒரு சாவிகூடப் போட்டுக் குடுத்ததில்லை. கை தூக்கத்தான் சந்தா கட்டறேன். வீட்டுல நான் கை தூக்கினா எவன் மதிக்கிறான்? இங்கதான் ஒருத்தி கோடு போடறா. உன் நாத்தனார் என் உரிமையைப் பறிச்சுட்டா. திரும்பப் போடு."

"போடு, போடு" என்றாள் தையற்காரி. "எனக்கும் கை ஊறுது."

திரும்பப் போட்டாள். கொட்டாவியின் கை எழுந்தது. தையற்காரியின் கை டேப்போடு எழுந்தது. பிசியோதெரபிஸ்ட், மருந்துக்கடை, வரிசையாக. கடைசியில் நாத்தனார், இரண்டு கைகளையும். எல்லாம் ஒரே இடம். செத்துக் கிடந்ததாக அவள் நினைத்த இடம் இல்லை. அதற்கும் முன்னால், அவளுக்கு மிகப் பிடித்த, தடவித் தடவி அழகுபடுத்திய பகுதி. அங்கேயே அவர்கள் கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள். செத்த இடத்தில் கேட்க ஆளே இல்லை.

நின்றபடியே அழகான பகுதியை வெட்டினாள். இரண்டு முனைகளையும் ஒட்டினாள். மூன்றாவது முறை போட்டாள்.

செத்துக் கிடந்தது மூச்சு விட்டது. யாரும் அசையவில்லை. அடக்கிக்கொண்ட முகம் ஒன்றுகூட இல்லை. கொட்டாவியின் கை மடியில் மறந்து கிடந்தது. முடிந்ததும், "அதுக்குள்ளயா?" என்றார்.

அவள் அங்கேயே டாக்டருக்குப் போன் செய்தாள்.

"டாக்டர், வணக்கம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இத்தனை வருஷம் நீங்க என்னைப் பார்த்துக்கிட்டது, இந்த லீவு குடுத்தது, அதையெல்லாம் நான் மறக்கல. இந்த ஒரு வருஷத்துல பார்த்தீங்கன்னா..."

எதிரில் கொட்டாவி வாய் பிளந்தார். கை எழுந்தது.

அவள் கையைப் பார்த்தாள்.

"நான் வரல, டாக்டர்" என்றாள்.